பாகம் பாகமாகப் பூட்டிய சைக்கிள்: என்ன குறிக்கு என்ன பழுது

கடையில் முழுசாக வாங்கிய சைக்கிள் மக்கர் பண்ணினால் ஏதோ தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் தளர்ந்திருக்கும். வீட்டில் சாமான் சேர்த்துப் பூட்டிய சைக்கிளில் மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. சேர்த்துப் பூட்டிய இரண்டு சாமான்கள் ஒன்றோடொன்று சேரவே மாட்டாதவையாக இருக்கலாம். மட்டக்களப்பில் இந்த வேலையில் இறங்குகிறவர்களின் சாமான் குவியலைப் பார்த்தால் விளங்கும்: அப்பா காலத்துக் கம்பி பிறேக் (கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இழுக்கும் பிறேக்) சைக்கிளின் பிறேம், பழைய ஜப்பான் சைக்கிளில் கழற்றிய சில்லுகள், கடையில் புதிதாக எடுத்த செயினும் பெடலும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு முறையில் செய்யப்பட்டது. தளர்ந்ததை இறுக்கினால் சரியாகும், தேய்ந்ததை மாற்றினால் சரியாகும். சேராததை இறுக்கினால் இரண்டு சாமானும் போகும். ஆகவே கீழே வரும் எல்லாக் குறிகளிலும் முதல் வேலை அளப்பதுதான். ஒரு இரும்பு அடிமட்டம் போதும். வேணியர் இடுக்கிமானி கிடைத்தால் இன்னும் நல்லது. உயர்தரத்தில் பௌதிகம் படித்த பிள்ளை இருக்கிற வீட்டில் அதை வாசிக்கவும் ஆள் இருக்கும்.

சத்தம் வருகிறது, எங்கிருந்தென்று தெரியவில்லை

காத்தான்குடிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிற காக்காவிடம் (அண்ணனிடம்) போய், "டொக் டொக்கெண்டு சத்தம் வருது காக்கா" என்று சொல்லிப் பாருங்கள். சைக்கிளைத் தொட மாட்டார். "எப்ப வருது தம்பி? மிதிக்கக்குள்ளயா, சும்மா ஓடக்குள்ளயா?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பிறேம் முழுக்கக் குழாய் என்பதால் சீற்றடியில் வரும் சத்தம் பெடலில் வருவது மாதிரிக் கேட்கும். காதை நம்பி இடத்தைத் தேடினால் சுற்றிச் சுற்றி அலையவேண்டியதுதான். நேரத்தைக் கவனிப்பது சுலபம்.

மிதிப்பதை நிறுத்தி உருள விடுங்கள். சத்தம் நின்றால் பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), நடு அச்சு (இரண்டு கிராங்கையும் இணைப்பது), செயின் ஆகியவற்றில் ஒன்று. நிற்காமல் வந்தால் சில்லு, பிறேக், மட்காட். எழும்பி நின்று மிதித்தால் சத்தம் போய்விடுகிறதா? சீற், சீற் கம்பி. மிதிக்கும்போது மட்டும் வருகிற சத்தம் என்றால் எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் கிராங்க் அல்லது பெடல். இரண்டரைச் சுற்றுக்கு ஒருக்கால் வந்தால் செயினில் ஒரு கண்ணி மடங்காமல் இறுகியிருக்கிறது. 44 பல்லுள்ள பெரிய பற்சில்லில் 110 கண்ணிச் செயின் ஒரு முழுச்சுற்று வர அவ்வளவு சுற்று வேண்டும். அந்தக் கண்ணியைக் கையால் பக்கவாட்டில் மெல்ல வளைத்து இளக்கினால் போதும். இத்தனைக்கும் ஸ்பனர் தேவையே இல்லை.

ரயர் றிம்மில் ஏறவில்லை, அல்லது சொல்லாமலே ஏறிவிட்டது

இரண்டாவதுதான் ஆபத்தானது. "26 ரயர்" என்று கடையில் கேட்டு வாங்குவதில்தான் பிரச்சினை தொடங்குகிறது. 26 அங்குலம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு உண்டு. மலை சைக்கிள் வகையில் ரயர் குந்துகிற இடத்தில் றிம்மின் விட்டம் 559 மி.மீ. ஜப்பான் சைக்கிளிலும் பழைய இங்கிலாந்து சைக்கிளிலும் வருகிற 26 × 1 3/8 வகையில் அது 590 மி.மீ. முப்பத்தொரு மில்லிமீற்றர் வித்தியாசம், எவ்வளவு நெம்பினாலும் ஏறாது. 28 அங்குலத்திலும் இதே கதை. பெரிய கம்பி பிறேக் சைக்கிளின் 28 × 1 1/2 என்பது 635. புதிய சைக்கிள்களில் 700சி என்று எழுதியிருப்பது 622. ஜப்பான் 27 அங்குலம் 630.

622 றிம்மில் 630 ரயரைப் போட்டால் கையாலேயே ஏறிவிடும். "அப்பாடா" என்றிருக்கும். காற்றடிக்க அடிக்க ஒரு பக்கம் விளிம்பு றிம்மை விட்டு வெளியே வரும், ரியூப் பிதுங்கும், வெடிக்கும். அது வீட்டு முற்றத்தில் நடந்தால் அதிர்ஷ்டம், பஸ்ஸுக்கு முன்னால் நடந்தால் வேறு கதை.

ரயரின் பக்கச் சுவரில் சின்ன எழுத்தில் 37-590, 47-559 என்கிற மாதிரி இரண்டு எண் இருக்கும். முதல் எண் ரயரின் அகலம், இரண்டாவது அந்த விட்டம். இரண்டாவது எண் றிம்மோடு ஒத்துப்போகவேண்டும், அவ்வளவுதான். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அங்குலக் கணக்கைப் பார்க்காதீர்கள். 1.75 என்பதும் 1 3/4 என்பதும் கணக்கில் ஒன்று, ரயரில் வேறு. தசமத்தில் எழுதியதைப் பின்னத்தில் எழுதியதற்கு மாற்றாக வாங்கவே கூடாது.

அளவு சரி, ரயரும் ஏறிவிட்டது, ஆனால் ஓடும்போது துள்ளுகிறது என்றால் றிம்மைக் குறை சொல்ல முன்னர் ரயரைப் பாருங்கள். றிம் ஓரத்துக்குச் சற்று மேலே ரயரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிவர ஒரே உயரத்தில் தெரியவேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, கையால் பிசைந்து மறுபடி அடியுங்கள்.

புரி பிடிக்கவில்லை

இடது பக்கப் பெடலின் புரி எதிர்ப்புரி, அதாவது இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது. வலது பக்க நடுக் கப்பின் (நடு அச்சின் குண்டுகள் ஓடும் கிண்ணத்தின்) புரியும் நம் நாட்டில் புழங்குகிற பெரும்பாலான பிறேம்களில் எதிர்ப்புரிதான். இதைப் பாடமாக்குவதை விட இப்படி நினைவில் வையுங்கள்: ஸ்பனரின் கைபிடி மேலே நிற்கும்போது பெடல் இரண்டும் முன்சில்லுப் பக்கம் தள்ளினால் இறுகும், கப் இரண்டும் பின்சில்லுப் பக்கம் தள்ளினால் இறுகும்.

பிடிக்காத புரியை ஸ்பனரால் பிடிக்க வைக்க முடியாது. முதலில் தளர்த்தும் பக்கமாகக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். புரி புரிக்குள் விழும்போது ஒரு சின்ன "டிக்" விரலுக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து இறுக்கும் பக்கம் திருப்பினால் இரண்டு மூன்று சுற்று விரலாலேயே போகவேண்டும். போகாவிட்டால் நிறுத்துங்கள். பெரியவர்களின் சைக்கிள் பெடல் வழக்கமாக 9/16 அங்குலம், சிறுவர் சைக்கிள் சிலவற்றில் 1/2 அங்குலம். சின்னது பெரிய ஓட்டையில் ஆடும், பெரியது சின்ன ஓட்டையில் முதல் புரியையே தின்றுவிடும்.

மிதிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு

பழைய பிறேம் என்றால் கிராங்கை அச்சோடு பிடித்திருப்பது கொட்டர் பின், ஒரு பக்கம் சாய்வாக வெட்டிய இரும்பு ஆப்பு. இந்தக் குறிக்கு பத்தில் எட்டு முறை அதுதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லுவேன். பெடலில் ஏறி நின்று, கிராங்க் இரண்டும் கிடையாக இருக்க, உடம்பை மெல்ல மேலும் கீழும் ஆட்டுங்கள். பிறகு கிராங்கைப் பாதிச் சுற்றுத் திருப்பி அதே மாதிரி ஆட்டுங்கள். ஒரு நிலையில் மட்டும் கிராங்க் ஒரு மயிரிழை விழுந்து நின்றால் பின் தளர்ந்திருக்கிறது.

கொட்டர் பின்னின் நட்டைத் திருகி இறுக்குவதில் பலனில்லை. நட்டின் வேலை பின் வெளியே வராமல் பார்ப்பது மட்டுந்தான். அதைப் போட்டு முறுக்கினால் புரி உரிந்து கையோடு வரும். பின்னை உள்ளே ஏற்றுவது சுத்தியல். அதற்கு முன் பின்னைக் கழற்றி அதன் சாய்ந்த தட்டை முகத்தைப் பாருங்கள். முகம் முழுக்க மினுக்கமாகத் தேய்ந்திருந்தால் நன்றாகப் படிந்திருக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய மினுக்கக் கோடு இருந்தால் அந்த ஓரத்தில்தான் முழுப் பாரமும் நின்றிருக்கிறது. மார்க்கர் பேனையால் முகத்தில் மை பூசி, அடித்து ஏற்றி, திரும்ப எடுங்கள். மை அழிந்த இடம்தான் தொடுகிற இடம். அந்த இடத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி மை பூசிப் பாருங்கள். இதில் அவசரப்படக் கூடாது, ஒரு பக்கம் அதிகமாக அராவினால் பின் அவ்வளவுதான்.

அடிக்கும்போது கிராங்கின் அடியில் ஒரு கனத்த இரும்புக் குழாயை நிலத்தோடு முட்டுக் கொடுங்கள், குழாயின் வாய்க்குள் நட்டுப் பக்கம் இறங்குகிற மாதிரி. முட்டில்லாமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே இருக்கும் குண்டுகளுக்குப் போய் கப்பில் குழி விழும். பிறகு கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வந்து இன்னொரு அடி, நட்டில் ஒரு கால் திருப்பு.

இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஒன்று முன்னுக்கு நிற்கிறதா? ஒரு பின் தலைகீழாக ஏறியிருக்கிறது. இரண்டு கிராங்கும் எதிரெதிராக நிற்கும்போது ஒரு நட் மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கவேண்டும். அது சரியாக இருந்தும் கோணல் இருந்தால் இரண்டு பின்னும் வேறு வேறு சாய்வில் வெட்டப்பட்டவை. பின் வாங்கும்போது சோடியாக வாங்குவதற்கு இதுதான் காரணம்.

சதுர முனை அச்சுள்ள புதிய வகை என்றால் பின் கிடையாது, போல்ட் மட்டும். அது தளர்ந்த நிலையில் ஓடியிருந்தால் கிராங்கின் சதுர ஓட்டை வட்டமாகி இருக்கும். இனி எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கிராங்கை மாற்றத்தான் வேண்டும்.

தட்டுக்குப் பதிலாகக் கரகரவென்று அரைக்கிற சத்தம் வந்தால் நடுக் கப்பைத் திறவுங்கள். உதிரிக் குண்டு என்றால் வழக்கமான கணக்கு பக்கத்துக்கு 11, அளவு 1/4 அங்குலம். கணக்குத் தெரியாத ஹப்பில் (சில்லின் நடுப்பாகத்தில்), கிறீஸ் பூசி வட்டம் நிறையக் குண்டு அடுக்கி அதில் ஒன்றை எடுத்துவிடுங்கள். கூட்டில் அடைத்து வரும் குண்டு என்றால் கூடு திரும்பிப் போயிருக்கலாம். சரியாக இருந்தால் இரண்டு பக்கமும் குண்டு மட்டுந்தான் தொடும், தகரம் எங்கும் உரசாது.

செயின் தாவுகிறது, கழன்று விழுகிறது

தாவுவதும் விழுவதும் வேறு வேறு வியாதி.

கல்லடிப் பாலத்தில் எதிர்க்காற்றில் எழும்பி மிதிக்கும்போது மட்டும் "டக்" என்று தாவினால் அது தேய்மானம். புதுச் செயினைப் பழைய பிறீவீலில் (பின்பற்சில்லில்) போட்டவர்களுக்கு அனேகமாக இது வரும். செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் 1/16 போயிருந்தால் செயினை மாற்றுகிற நேரம். 1/8 போயிருந்தால் பற்களும் செயினோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

விழுகிறதென்றால் நேரும் தளர்வும். பெரிய பற்சில்லின் பக்கத்தில் நீளமான அடிமட்டத்தை வைத்துப் பின்பக்கம் நீட்டுங்கள். அதன் ஓரம் பின்பற்சில்லின் பக்கத்தோடு சேரவேண்டும். சேரவில்லை என்றால் நடு அச்சு நீளம் அல்லது பின் ஹப் அந்தப் பிறேமுக்கு உரியதல்ல. அச்சில் வாஷர் மாற்றி மாற்றிப் போட்டுக் கொஞ்சம் சமாளிக்கலாம். நேர் சரியென்றால் தளர்வு: செயினின் நடுவை விரலால் தூக்கி இறக்கினால் அரை அங்குலம் ஆடவேண்டும். பெடலைச் சுற்றச் சுற்ற ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொங்கினால் பெரிய பற்சில்லு மையம் விலகி நிற்கிறது. இறுகும் இடத்தில் வைத்து அரை அங்குலத்தை அளந்து அச்சைப் பூட்டுங்கள்.

செயினின் அகலத்தையும் பாருங்கள். கியர் இல்லாத சைக்கிளின் பல்லுக்கு 1/8 அங்குலச் செயின். கியர் சைக்கிளின் 3/32 செயின் அந்தத் தடித்த பல்லில் இறங்காமல் மேலேயே நிற்கும்.

கடற்கரை ஓரம் குடியிருந்தால், கல்லடியோ திருக்கோவிலோ பொத்துவிலோ, மணலும் உப்பும் செயினைத் தின்னும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். மினுமினுவென்று எண்ணெய் வழியும் செயின் மணலை அழைத்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

சில்லு நெளிகிறது

சில்லுக் கம்பிகளை இறுக்கும் கம்பிச் சாவியைத் தொடுவதற்கு முன், சில்லை மேலே பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் கோன் (அச்சில் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்) தளர்ந்திருக்கிறது, றிம்மில் குற்றமில்லை. கோனை இறுக்கும்போது ஒரு விஷயம்: பூட்டு நட்டை இறுக்கும்போது கோன் இன்னும் சற்று இறுகும், அதனால் ஒரு துளி தளர்வாக விட்டுப் பூட்டவேண்டும். விரலால் அச்சைச் சுற்றினால் கல்லில் தட்டுவது போல் இல்லாமல் வழுக்கிப் போகவேண்டும்.

ஆட்டம் இல்லை, ஆனாலும் றிம் நெளிகிறது என்றால் கம்பி. ஃபோர்க்கில் (முன்சில்லைப் பிடிக்கும் கவரில்) ஒரு பிளாஸ்ரிக் பட்டியை இறுகக் கட்டி, அதன் வாலை றிம்முக்குக் கிட்ட வெட்டி விடுங்கள். சில்லு சுற்றும்போது வால் உரசுகிற இடம்தான் நெளிவு. றிம் வலப்பக்கம் வந்தால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்குங்கள். எது இறுக்கும் பக்கம் என்பதில்தான் எல்லோருக்கும் தலை சுற்றும்: ரயர் இருக்கும் பக்கத்திலிருந்து நிப்பிளை (கம்பியின் நுனியை றிம்மில் பிடிக்கும் சின்ன நட்டை) பார்த்தால் வலஞ்சுழி இறுக்கும், ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே திருப்பு இடஞ்சுழியாகத் தெரியும். ஒரு கம்பியில் முழுச்சுற்றுத் திருப்பி ஒரேயடியாக நேராக்கப் பார்த்தால் பக்கத்து நான்கு கம்பியும் கோபிக்கும்.

உப்புக் காற்றில் கிடந்த சில்லில் நிப்பிள் அசையாது. ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே விட்டு வையுங்கள். கம்பி முறுகுகிறதா நிப்பிள் சுற்றுகிறதா என்று பார்க்க, கம்பியில் ஒரு புள்ளி வைத்துக் கவனியுங்கள். புள்ளி சேர்ந்து சுற்றினால் நிறுத்தவேண்டும்.

நெளிவே இல்லை, சில்லு முழுவதும் ஒரு பக்கமாக நிற்கிறது என்றால் முன்சில்லைக் கழற்றித் திருப்பிப் போடுங்கள். இப்போது மறுபக்கம் சாய்ந்தால் சில்லு பிழை. அதே பக்கம் சாய்ந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறது.

ஒட்டிய ரியூப் திரும்பத் திரும்பப் பஞ்சர்

ஓட்டை எந்தப் பக்கம்? வெளிப்பக்கம் என்றால் முள் அல்லது கம்பி. ரயரின் உட்புறத்தை ஒரு துணியால் தடவிப் பாருங்கள், நெருஞ்சி முள்ளின் நுனி அங்கேயே குந்தியிருக்கும். உட்பக்கம் என்றால் நீளம் கூடிய கம்பி நிப்பிளுக்கு வெளியே தலை நீட்டுகிறது, அல்லது றிம் நாடா விலகியிருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாகக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள். படுவான்கரைக் கிறவல் றோட்டில் ஓடுகிறவர்களுக்கு இது பழகிய அடையாளம். ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கினால், பழைய வகை வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர்க் குழாய் வெடித்திருக்கும். வால்வு வாயில் எச்சில் தடவினால் குமிழி வரும்.

பிறேக் பிடிக்கவில்லை

கம்பி பிறேக் சைக்கிளின் றிம்மில் பக்கவாட்டுத் தட்டை முகம் கிடையாது. அந்தப் பிறேக் றிம்மின் அடிப்பக்கத்தில், ஹப்பைப் பார்க்கும் முகத்தில் பிடிக்கும்படி செய்யப்பட்டது. அந்த றிம்மில் பக்கத்திலிருந்து கவ்வுகிற கேபிள் பிறேக்கைப் பூட்டினால் பிறேக் கட்டை றிம்மின் வளைவில் வழுக்கும். கட்டையை மாற்றிப் பயனில்லை. றிம்மை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கம்பி பிறேக்குக்கே திரும்புங்கள். இரும்பு றிம் நனைந்தால் எந்தப் பிறேக்கும் பாதி நேரம் சும்மாதான். மாரியில் ஓட்டுகிறதென்றால் அலுமினிய றிம்முக்குச் செலவழியுங்கள். கீச்சிட்டால் கட்டையின் முன் நுனி ஒரு மில்லிமீற்றர் முதலில் தொடும்படி சாய்த்து வையுங்கள்.

ஹான்டில் தட்டுகிறது, அல்லது ஓரிடத்தில் சிக்குகிறது

முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள், மற்றக் கையின் விரலை, ஹான்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் தலைக் கப்பின் இடுக்கில் வைத்து. அங்கே ஆட்டம் தெரிந்தால் இறுக்கவேண்டும். இறுக்கியும் ஆடினால் ஃபோர்க் தண்டின் அடியில் இருக்கும் வளையத்தைச் சந்தேகியுங்கள். ஒரு அங்குல ஃபோர்க்கில் அது குந்தும் இடம் ஒரு வகையில் 26.4 மி.மீ., ஜப்பான் வகையில் 27.0. ஜப்பான் வளையத்தை மற்றதில் போட்டால் கையோடு கழன்று வரும், மாறிப் போட்டால் ஏறவே ஏறாது. தகரத்தைச் சுற்றி இறுக்கும் வித்தையை இங்கே செய்யாதீர்கள்.

நேராகப் பார்க்கும் இடத்தில் மட்டும் ஹான்டில் பள்ளத்தில் விழுவது போல் நின்றால் கப்பில் குழி. புதுக் கப், அதையும் கடையில் அழுத்தியே போடுங்கள்.

மிதித்தால் பெடல் வெறுமனே சுற்றுகிறது

பிறீவீலுக்குள் இருக்கும் சின்ன நாக்குகள் ஒட்டிக்கொண்டன. வெள்ளத்தில் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளுக்கு இது வரும். சைக்கிளைச் சரித்து வைத்து, சுற்றுகிற பாகத்துக்கும் நிற்கிற பாகத்துக்கும் இடையிலான கீறலில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சுற்றுங்கள். அழுக்கு வடிந்து கிளிக் சத்தம் திரும்பினால் மெல்லிய எண்ணெய் விடுங்கள். கிறீஸ் வேண்டாம், நாக்கு மறுபடி ஒட்டும்.

முதல் நாள் அருமையாக ஓடியது, ஒரு கிழமையில் எல்லாம் ஆடுகிறது

புதிதாகப் பூட்டிய சைக்கிளில் இது பழுதே அல்ல. கம்பிகள் ஹப் ஓட்டையில் படியும், பின்கள் சாய்வில் படியும், கேபிள் நீளும், கப்புகள் பிறேமில் குந்தும். முதல் ஓட்டத்தை ஊருக்குள்ளேயே வையுங்கள், வலையிறவு தாண்டி வவுணதீவுக்குப் போகிற எண்ணம் பிறகு. திரும்பி வந்ததும் கிராங்க், அச்சு நட்டுகள், ஹான்டில் போல்ட், பிறேக் கேபிள் என்று இந்த ஒழுங்கில் பாருங்கள். இரண்டாவது தடவை இறுக்கிய பிறகும் அதே நட் மறுபடி தளர்ந்தால் மூன்றாவது தடவை இறுக்காமல் அடிமட்டத்தை எடுத்து அந்தச் சாமானை அளந்து பாருங்கள்.